லொறியின் தாகம்

பசறை தாண்டி ஏற்றத்தில் பாதி வழி வந்ததும் லொறி ஒரு தரம் இருமிவிட்டு நின்றது. போயும் போயும் இன்றைக்கா? எரிச்சலோடு கீழே குதித்து, சக்கரத்துக்குக் கல் வைத்தேன்.

லொறி என்றால் சாமான் ஏற்றுகிற லொறி இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை மொனராகலைக் காட்டுக்கு வேட்டைக்குப் போனால் படுத்துறங்குவதற்காகப் பலகைக் கூண்டு கட்டி வைத்திருந்த வண்டி. உள்ளே கட்டில், மடக்கு மேசை, தலைக்கு மேலே மின்விளக்கு. துரை கொழும்பில் இருந்தார். காலையில் தோட்டத்து மருந்துக்காரர் நிறைமாதமாயிருந்த ரெங்கம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாவிட்டால் இரண்டு உயிரும் தங்காது என்று சொல்லிவிட்டார். கட்டில் உள்ள வண்டி இது ஒன்றுதான். துரை வந்து என் தோலை உரித்தாலும் உரிக்கட்டும் என்று நான்தான் ஓட்டி வந்தேன்.

"அலவி நானா, என்ன ஆச்சு?" என்று பின்னாலிருந்து தம்பையா ஓடி வந்தான். ரெங்கம்மாவின் புருஷன். அண்ணன் முறை வைத்து என்னை நானா என்றுதான் கூப்பிடுவான். தினமும் இந்த வண்டியைக் கழுவித் துடைக்கிறவனும் அவன்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"ஒண்ணுமில்லடாப்பா. கொஞ்சம் பொறு."

முன்னால் போய்ச் சுழற்று கம்பியைப் போட்டுச் சுற்றினேன். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது; எஞ்சினில் தீப்பொறி இல்லை. பெட்ரோல் இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். அறுந்ததும் இல்லை, எரிந்ததும் இல்லை. ஹோர்னை அழுத்தினால் பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. கல்லை எடுத்துவிட்டு வண்டியைப் பின்னுக்கு உருட்டியும் பார்த்தோம். வளைவு வரை வந்து பேசாமல் நின்றது. மூடுபனி வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

"வெளக்கு செத்துப்போச்சு!" என்று கூண்டுக்குள்ளிருந்து லெட்சுமியக்கா கத்தினாள். தோட்டத்து லயன் வீடுகளில் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். "இருட்டுல நான் என்னத்தப் பாக்க? கொழந்த குறுக்க கெடக்கு, அலவி. எப்படியாவது வண்டிய எடு!"

"வேற வண்டி வந்தா மாத்தி ஏத்தலாமா அக்கா?"

"ஆகாது. அவள இனி தூக்கக் கூடாது."

வேறு வண்டிதான் எங்கே? வளைவில் இருந்த ஒற்றைக் கடைக்காரரின் மாட்டு வண்டியும் பசறைச் சந்தைக்குப் போயிருந்தது. யா அல்லாஹ், வழி காட்டு என்று சொல்லிக்கொண்டே, ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே இருந்த பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். கம்பி முனைகளைச் சுரண்டித் திரும்ப முறுக்கினேன். பயனில்லை. பிறகுதான் பேட்டரியின் மூடிகளைக் கழற்றினேன்.

குப்பென்று புளித்த வாடை. உள்ளே நுரை. தகடுகளின் மேலே பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. இத்தனை வருஷத்தில் நான் இப்படிப் பார்த்ததில்லை. ஆயுத பூசைக்குப் பிறகு ஒரு வாரமாக வண்டி சோர்ந்துதான் கிளம்பியது. குளிர் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

தம்பையா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான்.

"இதுக்கு நான் ஒரு கொறையும் வெக்கல நானா. பூசையன்னைக்குச் சந்தனம் வெச்சு, மால போட்டு, மூடியக் கழட்டி ஒவ்வொரு வாயிலயும் எளநி ஊத்துனேன். மனுசனுக்கு மட்டும் நல்லது குடுத்தாப் போதுமா? ரெங்கம்மாதான் சொன்னா, நமக்குக் கொழந்த பொறக்கப்போற நேரம், எதையும் தாகத்தோட விடக் கூடாதுன்னு."

என் வாய் வரை வந்தது. அட பாவி, கெடுத்தியேடா! மாதம் தவறாமல் நான் பேட்டரிக்குத் தண்ணீர் விடும்போது இவன் பக்கத்தில் நின்று பார்ப்பான். "இதுக்கும் தாகம் எடுக்குமா நானா?" என்பான். "குடுக்காட்டி செத்துப்போயிரும்" என்று நானும் சிரிப்பேன். மழைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஆகாது என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

அந்த நேரம் ரெங்கம்மா அலறினாள். தம்பையா கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டேன். நீ ஊற்றிய இளநீர்தான் உன் பெண்சாதியை நடுரோட்டில் நிறுத்தியிருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? என்னால் முடியவில்லை. சுரண்டிய கம்பியையே மறுபடி சுரண்டினேன். அது வேலைக்காகாது என்று எனக்குத் தெரியும். கை மட்டும் நிற்கவில்லை.

"நானா..." தம்பையா வளைவுப் பக்கம் கையைக் காட்டினான். "ஏத்தம் ஏறி வந்ததுல அதுக்குத் தாகமோ? அந்தக் கடையில எளநி தொங்குது. வாங்கியாரவா?"

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பான். நான் பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிலுக்குக் காத்திராமல் அவன் ஓடினான். மூடுபனிக்குள் அவன் காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

கூண்டுக்குள் அலறல் முனகலாகி, அதுவும் நின்றது. "ரெங்கம்மா, ஏய் புள்ள, கண்ணத் தொற" என்று லெட்சுமியக்கா மெதுவாகச் சொல்வது கேட்டது. பிறகு அவளும் பேசவில்லை.

தம்பையா திரும்பி வந்தான். இரண்டு கையிலும் சீவிய இளநீர். ஒரு சொட்டும் சிந்திவிடாமல் இருக்க நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, திறந்து கிடந்த பெட்டியின் முன்னால் குனிந்தான்.

"எந்த வாயில மொதல்ல ஊத்தணும் நானா?"