வானத்தில் குறையாத நைட்ரஜன்

கலும்பாங் கோயில் திருவிழாவுக்கு முந்தின நாள் என் மகள் மாதவி தலையில் கல்லைப் போட்டாள்.

"அப்பா, நான் கண்டுபிடிச்சது தப்பு. கட்டுரைய திருப்பி எடுத்துக்கிட்டேன்."

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள் அவள். விமானம்கூடப் போகாத உயரத்தில் இருக்கும் நைட்ரஜன், வெயில் பட்டால் மெல்ல ஒளிருமாம். புற ஊதா ஒளி, நம் கண்ணுக்குத் தெரியாது. செயற்கைக்கோள் அதைப் பார்க்கும். ஒளியை வைத்து நைட்ரஜன் எவ்வளவு என்று கணக்கிடுவார்கள். அது வருஷா வருஷம் குறைகிறது என்று அவள் எழுதியிருந்தாள். தோட்டத்தில் பிறந்த எங்களுக்கு நைட்ரஜன் என்றால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்குப் போடும் உரம். அதை வானத்தில் அளந்தவள் என் மகள் என்று பக்கத்து ஊர் கெர்லிங் வரைக்கும் தம்பட்டம் அடித்தேன். கோயில் வாசலில் அவள் படத்தோடு பேனர் கட்டியதும் நான்தான்.

"நைட்ரஜன் அப்படியேதான் இருக்குப்பா. செயற்கைக்கோள்ல இருக்குற கருவியோட கண்ணு கொஞ்சங் கொஞ்சமா மங்கிப்போச்சு. அத நான் கவனிக்கல."

"நாளைக்குக் கோயில்ல உனக்குப் பொன்னாடை போடுற வரைக்கும் வாயத் தொறக்காதம்மா. அப்புறம் சொல்லிக்கலாம் லா."

எரிச்சலோடு எழுந்து ஹாலில் பல்பை மாற்றினேன். புதுசும் மங்கல்தான். இப்போது எவன் ஒழுங்காகச் செய்கிறான்? நான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸின் லைட்டும் அப்படித்தான். போன வாரம் விடிகாலையில் ஒரு பிள்ளை குறுக்கே வந்துவிட்டது. பின்னால் இருந்த பிள்ளைகள் கத்தியதால் பிரேக்கை மிதித்தேன், மயிரிழையில் தப்பியது. லைட் சரியில்லை என்று பட்டறைக்காரனிடம் போய் ஒரு மூச்சு சண்டை போட்டேன்.

மறுநாள் மதியப் பூஜை முடிந்ததும் கோயில் தலைவர் பாலகிருஷ்ணன் பொன்னாடையை விரித்தார். மாதவி கும்பிட்டுவிட்டு மைக்கை வாங்கினாள்.

"இது எனக்கு வேணாங்க. நான் தப்பா அளந்துட்டேன். எங்கப்பா வெளிச்சம் பத்தலன்னு பல்பா மாத்திக்கிட்டே இருப்பாரு. பல்புல ஒண்ணுமில்ல, அவருதான் கண்ணாடி போடணும். நானும் அதே மாதிரிதான், கருவிய விட்டுட்டு வானத்த குறை சொல்லிட்டேன்."

சனம் கொல்லென்று சிரித்தது. என் மானம் கப்பலேறியது. இவளைப் படிக்க வைத்ததற்கு இதுதானா என்று கறுவிக்கொண்டே வெளியே வந்தேன்.

வாசலில் செருப்பைத் தேடினேன். கிடைத்ததை மாட்டினால் யாருடையதோ. குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். உச்சி வெயில். இந்த வெளிச்சத்தையும் குறை சொல்ல முடியுமா? போன வாரம் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்த அந்தப் பிள்ளை என் கண்முன்னே வந்து நின்றது.

பின்னாலேயே வந்த மாதவி என் காலருகில் கிடந்த செருப்பை நகர்த்தி வைத்தாள்.

"கோவமாப்பா?"

பஸ் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"நாளைக்கு வேற டிரைவர பாக்கச் சொல்லி மொதலாளிக்கு போன் போடும்மா. லைட்ல ஒரு குறையும் இல்ல."

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சரியாகத் தெரிந்திருக்காது.