ரிங்கியின் தங்கைக்கு ஒப்பாரி

"நீதாண்டி மொதல்ல குரலெடுத்தது!"

"நானா? அப்ப மாரடிச்சது யாரு, எங்காயாவா? நீ அடிச்ச அடியில—"

"நீ பாடுனதாலதான அடிச்சேன்! காதுல அப்படி ஒரு பாட்டு வுழுந்தா கை சும்மா இருக்குமா?"

பாலக்கோடு தக்காளி மண்டியின் பின்கொட்டகையில் பெரியம்மாளும் குள்ளம்மாளும் மாறி மாறிக் கத்திக்கொண்டிருந்தார்கள். பழம் பிரிக்கிற வேலை அப்படியே நின்றுபோயிருந்தது. இருவருக்கும் நடுவே, கவிழ்த்த பெட்டியின்மேல், மூன்று வருஷத்துக்கு முன் பீகாரிலிருந்து வந்த ரிங்கி, செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நடந்தது இதுதான். பத்து மணி டீயின்போது ரிங்கிக்கு ஊரிலிருந்து வீடியோ கால் வந்தது. போனைப் பார்த்தவள் கண்ணீர் வழிய, இழுத்து இழுத்து ஒரு பாட்டை எடுத்தாள். வரியின் முடிவில் மூச்சு உடைந்து விம்மலாக இறங்குகிற அந்த இழுப்பு பெரியம்மாளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். செத்தது யார் என்று விசாரித்துவிட்டு அழுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். யார், என்ன என்பதெல்லாம் பிறகு.

"பொத்தி வளத்த அவரக்கொடி பந்தல் தாண்டிப் போயிருச்சே, தண்ணி ஊத்துன கையி ரெண்டும் தனியா நின்னுருச்சே…"

அவள் எடுக்க, குள்ளம்மாள் மாரில் அடித்துக்கொள்ள, ரிங்கியும் நிறுத்தவில்லை. மூன்று குரலும் ஒரே இழுப்பில் சேர்ந்துகொண்டன. டவர் போய் லைன் அறுந்த பிறகுதான் ரிங்கி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "தங்கச்சிக்குக் கல்யாணம் முடிஞ்சிடுச்சி அக்கா. இப்ப மாப்ள வூட்டுக்குப் போவுது."

அதிலிருந்துதான் சண்டை.

"தாலியேறி ஒரு நாள் ஆவல, அந்தப் புள்ளைக்கு எழவுப் பாட்டு!" என்றாள் குள்ளம்மாள். "மாப்ள வூட்டுக்காரங்க அபசகுனம்னு திருப்பி அனுப்பிட்டா யாருடி பதில் சொல்றது?"

"கல்யாணத்துக்கு எவளாச்சும் அழுது பாடுவாளா? நான் என்னத்தக் கண்டேன்?"

"எங்கூர்ல பாடுவாங்க அக்கா," என்றாள் ரிங்கி மெல்ல. "பொண்ணு போறப்ப எல்லாரும் கட்டிப் புடிச்சிப் பாடணும். பாடலன்னா, பொறந்த வூட்டுக்கு வாணாத பொண்ணு மாதிரி ஆயிடும். நான் போவ முடியல. அதான் போன்ல பாடினேன்."

குள்ளம்மாள் விடுவாளா? பெரியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியா? ஒம்பொண்ணு காவியா புருசனோட ஓசூருக்கு கார் ஏறுனப்ப கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்தவ நீ. அன்னிக்கித் தொறக்காத வாயி, இன்னிக்கி ஊரான் பொண்ணுக்குத் தொறக்குது."

"அவ என்னைக் கேட்டுக்கிட்டா தாலி கட்டிக்கிட்டா?"

சொன்னாளே தவிர, பெரியம்மாள் குரலில் பழைய வீம்பு இல்லை. அந்த அவரைக்கொடி எங்கிருந்து வந்தது? எத்தனையோ சாவு வீட்டில் பாடியிருக்கிறாள். எங்கேயும் அந்த வரியைப் பாடியதில்லை.

போன் அடித்தது. "அம்மா," என்று சொல்லி ரிங்கி எடுத்தாள். அவர்கள் பாஷையில் நெடுநேரம் பேச்சு ஓடியது. ஒரு வார்த்தையும் புரியாமல் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னாடி சொல்றாங்க? திட்றாங்களா?"

ரிங்கி தலையாட்டிச் சிரித்தாள். "இல்ல அக்கா. மாப்ள வூட்டு ஆளுங்க போன சுத்தி நின்னு கேட்டாங்களாம். அவ்ளோ தூரத்துல கூட இந்தப் பொண்ணுக்கு அழுவ ஆளு இருக்குதான்னு சொன்னாங்களாம். தங்கச்சி நல்லா போயிடுச்சாம்."

"எழவுப் பாட்டுன்னு சொல்லிட்டியா?"

"எதுக்கு அக்கா சொல்லணும்?"

"பொழச்சோம்டி சாமி!" குள்ளம்மாள் பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு செங்காயைத் தனியாகப் பொறுக்கத் தொடங்கினாள். பெரியம்மாளும் குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள்.

லைன் இன்னும் இருந்தது. ரிங்கி போனைக் கையால் பொத்திக்கொண்டு, தயங்கித் தயங்கிப் பெரியம்மாள் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒங்களுக்குப் பொண்ணு இருக்கான்னு அம்மா கேட்டுச்சு. இருக்குன்னு சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு போனப்ப நீங்க என்ன பாட்டு பாடுனீங்கன்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"