ராதிவோயே உட்காரக் கூடாது

1

இந்தக் கதை நான் யோசித்து எழுதியதில்லை. யாரும் பார்க்காத ஒரு படத்தின் ஓரத்திலிருந்து கத்தரித்து எடுத்தது. படத்தின் பெயர் 'இரண்டு விருந்தாளிகள்'. கூலிக்குக் கொலை செய்யும் இருவர் ஒரு வீட்டுக்காரரைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள். அவர்கள் போன நாள் அந்தக் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாளாக அமைந்துவிடுகிறது. வீட்டார் அவர்களை உட்காரவைத்து விருந்து வைக்கிறார்கள். சிரிப்பதற்காகப் போனவர்கள் பயந்துபோய் வெளியே வந்தார்கள். பயப்படுவதற்காகப் போனவர்கள் சிரித்துவிட்டு வந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் சேர்த்தாலும் ஒரு வரிசை நாற்காலி நிரம்பவில்லை.

போன மாதம் ஒரு பிற்பகலில், முழங்கால் வலித் தைல விளம்பரங்களுக்கு நடுவே, தொலைக்காட்சியில் அதைப் போட்டார்கள். மேஜையில் கொலைகாரர்கள் இருவர். பக்கத்தில் மூன்றாவதாக ஒருவன் முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி உருண்டைகளைத் தின்றுகொண்டிருக்கிறான். கடைசியில் ஓடும் பெயர்களில் அவன் பெயர் இல்லை. படத்திலேயே நன்றாக நடித்திருப்பவன் அவன்தான்.

அந்த மேஜை என் தம்பி வீட்டு மேஜை. அந்த உருண்டைகளைச் சுற்றியவள் நான்.

2

எங்கே தொடங்குவது?

"மொராவா ஆற்றின் மேல் நவம்பர் மூடுபனி மெல்ல—" வேண்டாம். மூடுபனியைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவீர்கள்.

"அவன் போட்டிருந்த கோட்டின் நிறம்—" சாம்பல். எங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் எல்லாமே சாம்பல்தான், அதனால் இதை நம்ப வேண்டாம்.

"திங்கட்கிழமை என் தம்பி ராதிவோயே நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது." இது இருக்கட்டும்.

மணல் குவாரி முதலாளியின் லாரி, பாலத்தின் மேல் தபால்கார அம்மாவை அடித்துப் போட்டது. ஓட்டியது முதலாளியின் மகன். பழி வேலைக்காரக் கிழவர் மேல் விழுந்தது. சைக்கிளில் எதிரே வந்த ராதிவோயே, ஓட்டியவன் முகத்தைப் பார்த்துவிட்டான். பார்த்த மற்றவர்கள் எல்லோரும் அன்றே பார்க்காதவர்கள் ஆகிவிட்டார்கள். "மறந்துடேன் ராதிவோயே" என்று வீடு தேடி வந்து சொன்னார்கள். "மறக்கத்தான் பாக்கறேன், வர மாட்டேங்குதே" என்பான் அவன். போலீஸிடம் போகலாமே என்பீர்கள். குவாரிக்கும் காவல் நிலையத்துக்கும் ஒரே மருமகன். தொண்ணூறுகள் அப்படி.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை எங்கள் வீட்டுத் திருநாள்.*

* திருநாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர் வருவார். "யார் நீ, எதற்கு வந்தாய்" என்று வாசலில் கேட்பது கன்னத்தில் அறைவதற்குச் சமம். விருந்தாளி வீட்டில் இருக்கும்வரை வீட்டுக்காரர் உட்கார மாட்டார். நின்றபடியே பரிமாறுவார், நின்றபடியே குடிப்பார்.

இந்த நாளுக்காகத்தான் பெல்கிரேடிலிருந்து வந்திருந்தார் இயக்குநர் திஹோமிர். துணை நடிகர்களுக்குக் கொடுக்க அவரிடம் எதுவும் கிடையாது.

"எனக்கு ஒரு வீடு வேணும், கூட்டம் வேணும், சாப்பாடு வேணும். மூணும் உங்ககிட்ட இருக்கு" என்றார். "வீட்டுக்காரர் வேஷத்தையும் நீங்களே போட்டுடுங்கண்ணே."

"வேஷம் எதுக்கு?" என்றான் என் தம்பி. "நான்தானே வீட்டுக்காரன்."

மேஜையில் ஒரு கிண்ணம் வேகவைத்த கோதுமை வேண்டும் என்றும் கேட்டார். என் தம்பி மனைவி யாகோதா ஒப்பவில்லை. "கோதுமை செத்தவங்களுக்கு. எங்க புனிதர் தேவதூதர், அவர் செத்ததே கிடையாது." திஹோமிர் விடுதியில் வேகவைத்துக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இவள் எடுத்து அலமாரியில் வைத்தாள். கிண்ணம் நாள் முழுக்க மேஜைக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டிருந்தது.

3

இனி அந்த மூன்றாமவன். என் கைக்கு அடங்காதவன்.

முதலில் அவன் கன்னத்தில் ஒரு தழும்பு போட்டேன். பிறகு கோடு போட்டு அடித்தேன். 'கொலைகாரன்' என்று எழுதிய உடனே அவன் சூப் குடிக்கும் விதமே மாறிவிடுகிறது. கரண்டி மின்னத் தொடங்குகிறது. அதையும் அடித்தேன். மிஞ்சியது இவ்வளவுதான்: தண்ணீர் தொட்டுச் சீவிய தலை. வாசலிலேயே தொப்பியைக் கழற்றினான். சுவரிலிருந்த தேவதூதர் படத்துக்கு முன் சிலுவை போட்டுக்கொண்டான். என் தம்பியை மூன்று முறை முத்தமிட்டு, "திருநாள் நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரரே" என்றான். கையில் ஒரு பொட்டலம் காபித்தூள்.

(வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போகக் கூடாது என்று யாரோ அவனைச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு எழுத்து நின்றுவிடுகிறது.)

கேமராவைக் கண்டு அவன் மிரளவில்லை. ஜெர்மனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள் வீட்டு விருந்துக்கெல்லாம் ஆள் வைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் அவனைப் படக்காரர்களின் ஆள் என்று நினைத்தோம். படக்காரர்கள் எங்கள் உறவு என்று நினைத்தார்கள். கேட்க இரண்டு பக்கமும் வாயில்லை.

4

கேமரா ஓடாதபோதும் வேஷம் கலையக் கூடாது என்பது திஹோமிரின் கட்டளை. கொலைகாரர்களாக நடித்த இருவரில் போஷ்கோ தடியன், விதோயே ஒல்லி. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற திறப்பு ஒன்று உண்டு. அதன் வழியே அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது. ஒத்திகை என்று நினைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"யாரு அனுப்பினது உங்களை?" அந்த மூன்றாமவன், சாம்பல் கோட்டுக்காரன், சூப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டாக்டர்" என்றான் போஷ்கோ. படத்துக் கதையில் அப்படித்தான்.

"எந்த டாக்டர்?"

"பேரைக் கேக்கற பழக்கம் எங்களுக்குக் கிடையாது."

"யாருக்காக?"

விதோயே கரண்டியால் என் தம்பியைக் காட்டினான்.

சாம்பல் கோட்டுக்காரன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். "ஒரே ஆளுக்கு ரெண்டு பக்கம் சொல்லி வெச்சிருக்கானுங்க. என்னை நம்பலை. இத்தனை வருஷம் பண்ணதுக்கப்புறம்."

"மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. எல்லா இடத்துலயும் இதே கதைதான். எங்களுக்குக் கூலி வெறும் சாப்பாடுதான்."

"சாப்பாடு மட்டுமா?"

"ஊருக்குத் திரும்ப பஸ் டிக்கெட்டும்."

"தொழிலே கெட்டுப்போச்சு" என்றான் அவன், உண்மையான வருத்தத்தோடு. "எப்ப முடிக்கறதா ஏற்பாடு?"

"அவர் உக்காந்ததும். நின்னு பரிமாறறவனைத் தொடக் கூடாது."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "அது சரியான பேச்சு. எங்க அப்பாவும் திருநாள்னா உக்கார மாட்டார். சரி, உக்காரட்டும். முடிக்கறது நான். சின்னப் பசங்க, நீங்க சாப்பிடுங்க."

"இந்த வசனம் நம்ம ஸ்கிரிப்ட்ல இல்லையேடா" என்று விதோயே முணுமுணுத்தான்.

"விடு. நல்லா பண்றான்."

5

போஷ்கோ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தான்.

"யாகோதாக்கா, அந்த மூணாவது ஆளு யாரு? குனியறப்போ பாத்தேன், டைரக்டர் அவனுக்கு மட்டும் அசல் துப்பாக்கி குடுத்திருக்கார். எங்களுக்கு இது." கோட்டைத் திறந்து காட்டினான். கறுப்புச் சாயம் பூசிய மரக்கட்டை. சாயம் சட்டையில் ஒட்டியிருந்தது. "இதை வெச்சுக்கிட்டு நான் எந்த உணர்ச்சியைக் கொண்டுவர்றது?"

யாகோதா கையைத் துடைத்துக்கொண்டு நேரே திஹோமிரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"அந்தச் சாம்பல் கோட்டு உங்க ஆளா?"

"எங்க ஆளா? உங்க பெரியப்பா பையன்னுல்ல நெனச்சேன்! என்ன முகம் அது! காலையிலேர்ந்து அவரைத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

ஒத்திகை என்று நான் நினைத்த பேச்சு அப்போதுதான் என் காதில் மறுபடி ஓடியது. யாகோதாவிடம் சொன்னேன். அவள் முகத்தை—

[இந்த வாக்கியத்தை முடிக்க வரவில்லை. விட்டுவிடுகிறேன்.]

[ஒரு வரைவில் யாகோதா அவன் துப்பாக்கியைத் திருடி முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய்க்குள் போட்டாள். எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கோட்டைக் கழற்றவேயில்லை, கண்ணுகளா. படத்தைப் பாருங்கள், கடைசிவரை போட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.]

ராதிவோயேயைச் சாமான் அறைக்குள் இழுத்தோம்.

"பின்வாசல் திறந்திருக்கு, போயிடு" என்றாள் யாகோதா.

"வீட்ல விருந்தாளி இருக்கறப்பவா?"

"அவன் விருந்தாளி இல்லைய்யா!"

"காபித்தூள் வாங்கிட்டு வந்தானே."

"டேய்" என்றேன் நான், "உன்னைக் கொல்ல வந்தவன்டா அவன். நீ உக்காந்த உடனே."

அவன் ஓர் ஊறுகாய் ஜாடியின் மூடியை இறுக்கினான். பிறகு, "இன்னிக்கு ஓடினா நாளைக்கு வருவான், அக்கா" என்றான். "நாளைக்கு என் வீட்ல விருந்து கிடையாது."



"முழங்கால்தான் உயிர் போகுது" என்று பக்கத்திலிருந்த மாவு மூட்டையைத் தடவினான். "ஒரு நிமிஷம் இதுல—"

"உக்காராதே!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

6

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியது. திஹோமிர் எதிர்பார்த்திருந்தது இந்த வெளிச்சத்தைத்தான். யாகோதா அவரை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னாள். "பிரமாதம்" என்றார் அவர். நம்பினாரா, படத்துக்கு நல்ல யோசனை என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது. (அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. ஒரு நல்ல வெளிச்சத்துக்கு முன்னால் அவருக்கு வேறு எதுவும் கேட்காது, அவ்வளவுதான்.)

"அண்ணே, நாற்காலி போட்டாச்சு. உக்காருங்க."

"விருந்தாளிங்க இருக்காங்களே தம்பி."

"அவங்க நடிக்கறாங்க!"

"நிஜமாத்தானே சாப்பிடறாங்க."

"அண்ணே, வெளிச்சம் போகுது, கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு தடவை உக்காருங்க, அப்புறம் ராத்திரி முழுக்க நில்லுங்க."

அப்போது சாம்பல் கோட்டுக்காரன் தலை நிமிர்த்தினான். "திருநாள் அன்னிக்கு வீட்டுக்காரரை உக்காரச் சொல்லி வற்புறுத்தறது முறையில்லை" என்றான். "தானா உக்காரட்டும். எனக்கு அவசரம் இல்லை."

என் தம்பி அவனுக்கு இன்னொரு கிண்ணம் சூப் ஊற்றினான். திஹோமிர் நாற்காலியைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினார். அதன் விளிம்பு ராதிவோயேயின் முழங்காலுக்குப் பின்னால் பட்டது. அந்தக் கால் மடங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். சாம்பல் கோட்டின் வலது கை மேஜைக்கு அடியில் போனதையும் பார்த்தேன்.

"ரொட்டி!" என்று கத்தினாள் யாகோதா. "இன்னும் ரொட்டி உடைக்கலை!"

அது உண்மை. ரொட்டி உடைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் சூப்பைத் தொடுவதில்லை. அன்று படக்காரர் மாலை வெளிச்சத்துக்காக அதைத் தள்ளிவைக்கச் சொல்லியிருந்தார். அந்தத் தப்புக்காகக் காலையிலிருந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தவள், ரொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சாம்பல் கோட்டின் முன்னால் போய் நின்றாள்.

"இருக்கறதுல பெரியவர் நீங்கதான். எங்க வீட்டுக்காரரோட சேர்ந்து பிடிங்க."

அவன் அவளைப் பார்த்தான். ரொட்டியைப் பார்த்தான். எழுந்தான்.

7

படம் இங்கே நின்றுவிடுகிறது. ரொட்டி சுற்றத் தொடங்குகிறது, திரை கறுப்பாகிறது, பெயர்கள் ஓடுகின்றன. இயக்குநரின் திமிர் என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினார். படச்சுருள் தீர்ந்துபோயிற்று என்று போஷ்கோ எங்கோ சொன்னானாம்.

முடிவு எழுதாமல் நான் உங்களை அனுப்பக் கூடாதுதான். எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ரொட்டி உடைகிறது, இருவரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள், அவன் இன்னும் இரண்டு உருண்டை தின்றுவிட்டுக் கிளம்புகிறான், திங்கட்கிழமை என் தம்பி நீதிமன்றப் படி ஏறுகிறான். தம்பியைச் சாகடிக்க இந்தக் கிழவிக்கு மனசு வரவில்லை என்பீர்கள்.

இரண்டாவது: "ராதிவோயே களைப்போடு நாற்காலியில்—" மாட்டேன்.

மூன்றாவது: அவன் கொலைகாரனே இல்லை. பன்றி வேட்டைக்கு வந்து வழி தவறியவன். போஷ்கோ பேசியதைக் கேட்டு அவனும் விளையாடினான். எல்லோரும் சிரித்துச் சிரித்துக் குடிக்கிறோம். இதை நான் உரக்கப் படித்துப் பார்த்தேன். பாலத்தின் மேல் கிடந்த தபால்கார அம்மாவுக்கு இதில் இடமே இல்லை. கிழித்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது எனக்குத் தெரியாதா? தெரியும், அவன் என் தம்பி. ஆனால் அதை எழுதினால் நீங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். விருந்தாளிகள் எழுந்துவிட்டால் வீட்டுக்காரர் உட்காரலாம். அது எனக்கு வேண்டாம்.

அதனால் இப்படிச் செய்வோம். ரொட்டியை இருவர் நான்கு கைகளால் பிடித்துச் சுற்ற வேண்டும். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளில் கை வைப்பார்கள். அப்படியே வீடு முழுக்க ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு நிற்கும். என் தம்பியின் இரண்டு கையும் ரொட்டியில் இருக்கின்றன. அவன் தோளில் என் கை. என் தோளில் யாகோதா, அவள் தோளில் போஷ்கோ, அவன் தோளில் விதோயே. சாம்பல் கோட்டுக்காரன் இடது கையை ரொட்டியில் வைத்துவிட்டான். வலது கை இன்னும் கோட்டுக்குள்ளிருந்து வரவில்லை.

அவனுக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அந்த இடத்தை உங்களுக்காக விட்டிருக்கிறேன்.

வாருங்கள், பயப்படாதீர்கள். அவன் வலது தோளில் கையை வையுங்கள். கோட்டுத் துணி சொரசொரப்பாக இருக்கும், உள்ளே சூடாக இருக்கும். நான் நிற்கும் பக்கத்திலிருந்து என் தம்பியின் நடுக்கம் மட்டும்தான் தெரிகிறது. அந்தத் தோள் எந்தப் பக்கம் அசைகிறது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.