பொம்மைக்கு வந்த பேச்சு

கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மை மணிமணியாகப் பேசியது. "சிஸ்டர், வலது தோள்ல உயிர் போற வலி. நேத்து கட்டில்லேருந்து விழுந்துட்டேன்." கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் அதற்குக் குரல் கொடுத்தவர் பயிற்சி ஆசிரியை. பக்கவாத நோயாளியைக் கவனிப்பது எப்படி என்று நர்ஸிங் மாணவிகளுக்கு ஒத்திகை.

பார்த்துக்கொண்டிருந்த பஸ் டிரைவருக்குக் கொட்டாவி வந்தது. பக்கத்தில் அவர் மனைவி, தையற்காரி. எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் அவளுடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. கேட்பதெல்லாம் புரியும். அவள் பட்ட பாட்டைத்தான் ஒத்திகையாக எழுதியிருந்தார்கள். எல்லாம் எழுதி முடித்த பிறகு, நோயாளியையும் கேட்டோம் என்று காட்ட ஒரு கையெழுத்து வேண்டுமாம். அதற்காக மூன்று பஸ் மாறி வந்திருந்தார்கள்.

"டீ குடிக்கிறீங்களா?" ஆசிரியை அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அவளுக்கு வேணாம்மா. கையெழுத்து எங்கன்னு சொல்லுங்க, போட வைக்கிறேன்."

கையெழுத்துக்காக ஆசிரியை நீட்டிய காகிதத்தைத் தையற்காரி கவிழ்த்து வைத்தாள். எழுந்து உள்ளே போய், பொம்மையை இடது கையால் ஓரம் தள்ளிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். டிரைவர் பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

"எங்கம்மா வலிக்குது?" கட்டிலருகே நின்ற மாணவி மூன்று தடவை கேட்டாள். முனகல்தான் வந்தது. மாணவி டிரைவர் பக்கம் திரும்பினாள். "சார், அவங்களுக்கு என்ன செய்யுது? நீங்களாவது சொல்லுங்களேன்."

ஆஸ்பத்திரியில் கட்டிலிலிருந்து அவள் விழுந்த மறுநாள் டிரைவருக்கு நினைவு வந்தது. அன்றும் இப்படித்தான் இவரைக் கேட்டார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த அலுப்பில், "சும்மா அடம் பிடிக்கிறா சிஸ்டர், வீட்டுக்குப் போகணுமாம்" என்று சொல்லிவிட்டார். முறிந்த தோளோடு இரண்டு நாள் அவளைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். ஆசிரியை எழுதியதில் அது இல்லை. அவருக்கு விவரம் சொன்னதே இவர்தானே!

"என்னைக் கேக்காதீங்கம்மா. அன்னைக்கு என்னைக் கேட்டுதான் கெட்டுது. அடம் பிடிக்கிறான்னு நான்தான் சொன்னேன். ஒவ்வொரு இடமா தொட்டு அவளையே கேளுங்க. ஆமான்னா கண்ணை மூடுவா. கொஞ்சம் பொறுக்கணும்."

மாணவி காலைத் தொட்டாள், இடுப்பைத் தொட்டாள், வயிற்றைத் தொட்டாள். ஒவ்வொரு முறையும் காத்திருந்தாள். வலது தோளுக்கு வந்ததும் தையற்காரி கண்களை மூடினாள். இமையோரம் நீர் வழிந்தது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அறை வாசலில் நின்ற ஆசிரியை, எடுத்து வந்திருந்த கையெழுத்துக் காகிதத்தைக் கிழித்தார். "எழுதி முடிச்சிட்டுக் கையெழுத்து கேட்டேன் பாருங்க, அது என் தப்பு. எழுத உக்காரும்போதே இவங்களைப் பக்கத்துல வச்சிருக்கணும். வலியைப் பட்டவங்களை விட்டுட்டுப் பாடம் எழுதினா, அது பொம்மைக்குத்தான் வைத்தியம்."

டிரைவர் மனைவியைத் தூக்கி உட்காரவைத்தார்.

"டீ குடிக்கிறியா?"

கேட்டுவிட்டு, வாயைத் திறக்காமல் காத்திருந்தார். அவள் கண்களை மூடினாள்.