இருபது கிலோ மணல்

மூன்றாம் நம்பர் தொங்கு படுக்கை அறுந்து விழுந்து இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின நாள் மதியம் ஒன்று பத்துக்கு அந்தச் சத்தத்தைக் கேட்ட விதுஷா, அப்போதிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள்.

இலங்கை மலைநாட்டில், எல்ல ஊருக்கு மேலே, தேயிலை கைவிடப்பட்ட ஒரு சரிவில் ஷாஹ்மி நடத்தும் முகாம் அது. ஆறு கூடாரங்கள், ஒரு சமையல் கொட்டகை, யூக்கலிப்டஸ் மரங்களுக்கு இடையே ஐந்து தொங்கு படுக்கைகள். அவற்றில் படுத்தபடி நமுனுகுல மலையைப் பார்ப்பதற்காகவே கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். விழுந்தவரும் அப்படி வந்த ஓர் ஆசிரியர்தான். தொண்ணூறு கிலோ ஆள். பதுளையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. ஆனால் அவர் தலை பட்ட இடத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பாறை இருந்தது. அதை எல்லோரும் பார்த்தார்கள்.

ஷாஹ்மி பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன். யாரையும் அதட்டிப் பேசிப் பழக்கமில்லாதவர். அண்ணன் முறையில் விதுஷா அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவாள். கயிற்றை அவரே பார்த்து வாங்கியிருந்தார். இருநூறு கிலோ தாங்கும் என்று அதன் சீட்டில் அச்சடித்திருந்தது. தொண்ணூறு கிலோ மனிதருக்கு அது போதாதா? அப்படியானால் தப்பு கட்டினவருடையது. கட்டியவர் வீரய்யா. அடுத்த கூட்டம் நாலு மணிக்கு வந்து இறங்குவதற்குள் அவர் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்று ஷாஹ்மி காலையிலேயே சொல்லிவிட்டார்.

வீரய்யாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி வெட்டி உரமேறிய கை. முன்னே அவர் மடுல்சீமைத் தோட்டத்தில் இருந்தபோது, மண் சரிந்து பாதை மூடிய ஒரு மழைக்காலத்தில், பிள்ளைத்தாச்சிகளையும் நோயாளிகளையும் கம்பளியில் கிடத்தி, கம்பத்தில் தொங்கவிட்டு, பெரிய ரோடு வரைக்கும் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். கம்பளியின் இரண்டு முனைக் கட்டும் அவர் போட்டது. அதிலிருந்து ஒருவரும் விழுந்ததில்லை. வேலையை விட்டுப் போகச் சொன்னபோது அவர் ஒன்றுக்காக மட்டும்தான் வாதாடினார். "என் கட்டு அவுறலைங்க. மரத்துல அப்படியே இருக்கு, போய்ப் பாருங்க."

அவர் சொல்லாமல் விட்டது என்னவென்று விதுஷாவுக்கு மட்டும் தெரியும்.

முகாமுக்கு வருகிறவர்களின் பதிவுகளைக் கவனிப்பதும் படம் எடுத்து இணையத்தில் போடுவதும் அவள் வேலை. மூன்று வாரத்துக்கு முன்பு எடுத்த படங்களில் படுக்கைகள் பழைய சாக்குபோலத் தொய்ந்து தெரிந்தன. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் துணி காயப்போடும் கொடி தொய்ந்திருந்தால் ஈரச்சேலை சேற்றில் புரளும், பக்கத்து வீட்டுக்காரி பார்த்துச் சிரிப்பாள். அந்தப் பழக்கத்தில், கொடி மாதிரி நேராக இழுத்துக் கட்டச் சொன்னாள். வீரய்யா தலையைச் சொறிந்தார். "தொட்டில்னா தொங்கணும் பாப்பா. இழுத்துக் கட்டுனா கயித்துக்கு மூச்சு முட்டும்." அவள் சிரித்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "சரி, படிச்ச புள்ள சொல்ற" என்று, மரத்தில் முழங்காலைக் கொடுத்து இழுத்துக் கட்டினார்.

அவளும் வீரய்யாவும் இருக்கும் அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பௌதிகவியல் படித்து வந்த முதல் ஆள் அவள். முடிவு வந்த அன்று வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் வீரய்யா. நாற்பது வருடம் கட்டிப் பழகிய கை பட்டத்துக்கு அடங்கிப் போயிற்று. பட்டம் வாங்கியவளோ துணிக்கொடியை நினைத்துக்கொண்டிருந்தாள். கயிறு எவ்வளவுக்கு எவ்வளவு நேராக நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதில் இழுவை கூடும். இரண்டாம் வருடத்தில் எத்தனை தடவை வரைந்த படம் அது. சோதனைத்தாளில் இருந்ததை இரண்டு மரங்களுக்கு நடுவில் பார்த்தபோது அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

அதை வாய்விட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை. இயல்பிலேயே பேச்சுக் குறைவு. தொலைபேசி அடித்தால் எடுக்காமல், செய்தி அனுப்பச் சொல்கிறவள். வேறு வழி ஒன்று அவளுக்குத் தோன்றியது. வீரய்யா போட்ட கட்டிலும் பிழையில்லை, கயிற்றிலும் பிழையில்லை என்று காட்டிவிட்டால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

கீழ்த் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் யசோதினி அவளோடு படித்தவள். கொக்கியில் தொங்கவிடுகிற வட்டத் தராசை அவளிடம் இரவல் கேட்டாள். "கொழுந்த விட்டுட்டு ஆள நிறுக்கப் போறியாடி? என்னைய மட்டும் கூப்பிட்டுறாத" என்று சொல்லிக்கொண்டே கொடுத்தாள் யசோதினி.

தராசோடு மேலே ஏறி வந்து, ஷாஹ்மியின் முன்னால் மூச்சு வாங்க நின்றாள். நாலு மணிக்கு முன்பு ஒரு தரம் வந்து பார்க்கும்படி கேட்டாள். அந்த வாரம் அவரிடம் அவள் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் வந்தார். வீரய்யாவும் தன் பையைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வந்தார்.

கொழுந்துச் சாக்கில் இருபது கிலோ மணலை நிறுத்துக் கட்டி, அறுந்ததற்குப் பக்கத்துப் படுக்கையின் நடுவில் வைத்தார்கள். மரத்துக்கும் படுக்கைக்கும் நடுவே, கயிற்றோடு கயிறாகத் தராசை மாட்டினாள். முதலில் நன்றாகத் தொய்யவிட்டுக் கட்டச் சொன்னாள். முள் இருபதில் நின்றது. பிறகு, முன்பு இருந்த மாதிரியே இழுத்துக் கட்டச் சொன்னாள். வீரய்யா முழங்காலைக் கொடுத்து இழுத்தார். முள் முப்பதைத் தாண்டியது, நாற்பதைத் தாண்டியது, ஐம்பத்தேழில் போய் நின்று ஆடியது.

மணல் அதே மணல்தான்.

வீரய்யா குனிந்து பார்த்தார். "இந்தத் தராசுல நம்ம புள்ளைங்க கொழுந்த நிறுத்திருந்தா கணக்கப்புள்ள மயக்கம் போட்டுல்ல விழுந்திருப்பான்" என்றார். ஷாஹ்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இருபத்தாறு மணி நேரத்தில் அங்கே யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தொண்ணூறு கிலோ ஆளுக்கு எவ்வளவு வரும் என்று ஷாஹ்மி கேட்டார். ஒவ்வொரு பக்கமும் இருநூற்றைம்பதுக்கு மேல் என்றாள். அவர் போய் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். அது நடுவில்தான் அறுந்திருந்தது. மரத்தில் வீரய்யாவின் கட்டு குலையாமல் இருந்தது. ஷாஹ்மியின் முகத்தில் இருந்த இறுக்கம் குறைந்தது. புதுக் கயிறு போட்டு, ஐந்தையும் தொய்யவிட்டுக் கட்டி, இதேபோல மணல் வைத்துச் சோதித்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவது என்றார். வாராவாரம் அந்தச் சோதனையை விதுஷாவே செய்ய வேண்டும், அதற்குத் தனியாக ஒரு புத்தகம் போட வேண்டும் என்றார். இப்படி ஓர் ஆள் கையில் இருந்தும் தெரியாமல் போயிற்றே என்றார்.

விதுஷாவின் தோள்கள் தளர்ந்தன. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஷாஹ்மி கயிற்றைக் கீழே போட்டார். "சரி, கட்டும் நல்லம், கயிறும் நல்லம். அப்ப பிழை இழுத்துக் கட்டினதுலதானே? கட்டினது வீரய்யாதானே?"

"ஆமாங்க மொதலாளி" என்றார் வீரய்யா. "நாந்தான் கட்டுனேன்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அவர் விதுஷாவின் பக்கம் திரும்பாமலே குனிந்து, மணல் சாக்கை இறக்க ஆரம்பித்தார். காலையிலிருந்து அவர் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்காக என்று அவளுக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றக் கொண்டுவந்த தராசே இப்போது அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவளுக்கோ புதுப் பொறுப்பு, புதுப் புத்தகம். சும்மா நின்றாலே போதும், எல்லாம் அவளுக்குச் சாதகமாக முடிந்துவிடும்.

கீழே வளைவில் அடுத்த கூட்டத்தின் வான் வண்டி ஏறி வரும் சத்தம் கேட்டது. ஷாஹ்மி அந்தப் பக்கம் திரும்பினார். வீரய்யா கையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, பை இருந்த வாசலை நோக்கி நடந்தார்.

விதுஷா இரண்டு அடி எடுத்து வைத்து அவர் வழியில் நின்றாள். பல்கலைக்கழகத்தில் வாய்மொழிச் சோதனைகளில்கூடத் தரையைப் பார்த்தே பதில் சொன்னவள், நிமிர்ந்து ஷாஹ்மியின் முகத்தைப் பார்த்தாள்.

"நானா, வீரய்யா மாமா வேணாம்னுதான் சொன்னாரு. இழுத்துக் கட்டச் சொன்னது நான்."