ஃபென் ஹேரியரின் பெயர்ப்பலகை

துருப்பிடித்த இரும்பைப் பார்க்க மழையில் நிற்கும் ஆண்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். எங்கள் அருங்காட்சியகத்தின் கிழக்கு வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு. அதன்மேல் மடக்கு ஏணியை விரித்து, கம்பிக்கு மேலே காமிராவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உள்ளே பழைய சரக்குத் தண்டவாளத்தில் ஐந்து டீசல் ரயில் எஞ்சின்கள், ஓட்டம் நின்றுபோய் வரிசையாகக் கிடக்கின்றன. ஓடுகிற எஞ்சினை எவனும் ரசிப்பான், கிடக்கிற எஞ்சினை ரசிக்கத்தான் மனசு வேண்டும் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

வேலிக்கு இந்தப் பக்கம், ஹேங்கர் என்கிற விமானக் கொட்டகைக்குள், எங்கள் லங்காஸ்டர் விமானம். போர்க்காலத்தில் இதே ஓடுபாதையிலிருந்து குண்டு சுமந்துகொண்டு கிளம்பிய வகை. இனிப் பறக்காது. மாதத்தில் ஒரு ஞாயிறு நான்கு எஞ்சின்களையும் கிளப்பி, ஓடுபாதையில் உருட்டுவோம். அந்தச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும்போது நானும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பேன். பொய் சொல்லமாட்டேன். அதற்காக, அந்தச் சத்தத்தைக் கேட்க வருகிற எல்லாரையும் நல்லவர்கள் என்று நம்பிவிட முடியாது.

இங்கே சம்பளத்துக்கு வேலை செய்பவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் ஓய்வுபெற்று, ஆசைக்காக வருகிறவர்கள். என் அப்பாவும் அம்மாவும் பக்கத்து ஊரான பாஸ்டனில் முட்டைக்கோசு கட்டும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். அதை இந்த இடத்தில் யாரும் மறக்கவும் விடமாட்டார்கள். "எங்க லியான் அவளே படிச்சு மேல வந்த பொண்ணு" என்று விருந்தாளிகளிடம் அறிமுகம் செய்வார்கள். அவர்கள் எல்லாம் யாரோ தூக்கிவிட்டு மேலே வந்தவர்கள் போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை வேலிக்கு வெளியிலிருந்து ஒரு கத்தல்.

"ஏம்மா! ஏ பொண்ணு! பலகை எங்க போச்சு?"

ஏணி மேல் நின்றவர் மூன்றாவது எஞ்சினைக் காட்டினார். அதன் பெயர் ஃபென் ஹேரியர். பக்கவாட்டில், ஆள் கையை விரித்த அகலத்துக்கு வார்ப்பு உலோகத்தில் பெயர்ப்பலகை இருக்கும். இப்போது அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"போன தடவை வந்தப்ப இருந்துச்சும்மா. போட்டோ இருக்கு. திருடிட்டாங்களா?"

"பார்க்கிறேன் சார்."

"பார்க்கிறியா? கண்ணு முன்னாடி கொள்ளை போயிருக்கு, பார்க்கிறேங்கிற!"

அந்த ஆள் வீடு போய்ச் சேருமுன் நாடு முழுவதும் இணையத்தில் செய்தி பரவிவிட்டது. சந்தேகப்பட்டு நான் லங்காஸ்டருக்குள் ஏறிப் பார்த்தேன். பறக்கும்போது வழி கணிக்கிறவர் உட்காரும் மேசைக்கு மேலிருந்த கடிகாரத்தையும் காணோம்.

தண்டவாள முற்றத்துக்கும் ஹேங்கருக்கும் சாவி வைத்திருப்பது மூன்று பேர். நான், தலைவர் கிளைவ், விமான எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் நெவில். கிளைவ் வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். கெட்ட செய்தியை மெதுவாகச் சொல்லிச் சொல்லியே பழகிய குரல். என்னைத் தேநீர்க் கொட்டகைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார். கவுண்டருக்குப் பின்னால் ரொட்டிக்குள் பேக்கன் வைத்துக்கொண்டிருந்த மொரீன் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"லியான், நான் யாரையும் குத்தம் சொல்லல."

"சொல்லுங்க."

"கூரைத் தகடு எடுக்க உங்க தம்பி போன வாரம் வேனோட உள்ள வந்தார்ல?"

வந்தான். ஹேங்கர் கூரையை மாற்றியபோது கழற்றிப்போட்ட பழைய அலுமினியத் தகடுகளை அள்ள ஆள் வேண்டும் என்றார்கள். தம்பி டீனைக் கூப்பிட்டது நான். சம்மதித்தது கிளைவ்.

"அவர் மேல ஏற்கெனவே ஒரு வழக்கு இருக்குன்னு கேள்வி."

"இருந்துச்சு. ரயில் பாதையோரம் செம்புக் கம்பி அறுத்தான். உள்ள போனான். இப்ப வெளிய வந்துட்டான்."

"நிபந்தனையோட," என்றார் கிளைவ், மென்மையாக.

அதுதான் விஷயம். டீன் மேல் ஒரு புகார் எழுந்தால் போதும். நிரூபிக்கக்கூட வேண்டியதில்லை. மிச்ச தண்டனைக்கு உள்ளே போய்விடுவான். அவன் பெண் குழந்தை இப்போதுதான் அவனைப் பார்த்து அழாமல் இருக்கப் பழகியிருக்கிறாள்.

"நாளைக்கு லங்காஸ்டர் ஓட்டம் முடிஞ்சதும் கமிட்டி. அதுக்குள்ள பொருள் திரும்பி வந்துட்டா, யாரு என்னன்னு நான் கேக்கவே மாட்டேன்," என்றார்.

அவர் போனபிறகு மொரீன் தேநீரைக் கொண்டுவந்து டக்கென்று வைத்தாள்.

"குடி கண்ணு. ரத்தம்தானே, உன்னால என்ன பண்ண முடியும்."

"அவன் எடுக்கல மொரீன்."

"நான் எடுத்தான்னா சொன்னேன்? எதுக்கும் வேனுக்குள்ள ஒரு எட்டு பாத்துடு."

பார்த்தேன். அவ்வளவு உறுதியாகப் பேசியவள் அன்று சாயங்காலமே அதைத்தான் செய்தேன். டீன் குடியிருக்கும் தெருவின் கோடியில் அவன் வாடகைக்கு எடுத்த கொட்டகை. வேன் கதவு திறந்தே கிடந்தது. தகரத்தைத் தூக்கினேன், சாக்கைப் பிரித்தேன், இருக்கைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். கையில் சிக்கியது குழந்தையின் ஒற்றைக் காலுறை.

"இடது பக்கம் இன்னும் பாக்கல நீ," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

டீன் வாசலில் சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தான்.

"டேய், நான்..."

"எதத் தேடுற? சொன்னா நானும் சேந்து தேடுவேன்ல."

சொன்னேன். பலகை, கடிகாரம், கிளைவ், நாளை கமிட்டி. அவன் சிரித்தான்.

"அந்தப் பலகை என்ன எடை வரும்னு தெரியுமா? பழைய இரும்புக் கடையில போட்டா பீர் வாங்கக்கூடத் தேறாது. அதுக்குப் போயி நான் ஜெயிலுக்குப் போவேனா? அதுக்கு வெல குடுக்கிறவன் அந்தப் பைத்தியக்காரக் கும்பல்லதான் இருக்கான்."

"எனக்குத் தெரியும்டா."

"தெரிஞ்சா எதுக்கு என் வேனுக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிற? பட்டம் வாங்கினா இப்படித்தான் தெரிஞ்சுக்குவாங்களோ?"

அவன் சிகரெட்டை மிதித்துவிட்டு, நான் பிரித்த சாக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினான். நான் குனிந்தபோது, "நீ விடு," என்றான்.

ஞாயிறு காலை ஒருவரும் வருவதற்கு முன்பே முற்றத்தைத் திறந்தேன். அதுவரை நான் காணாமல் போன பொருளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அது இருந்த இடத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை. மடக்கு ஏணி போட்டு ஃபென் ஹேரியரின் பக்கவாட்டில் ஏறினேன்.

கடப்பாரை பட்ட தழும்பு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு திருகையும் பதமாகக் கழற்றியிருந்தார்கள். துளைகளைச் சுற்றி வட்டமாக ரெட் ஆக்சைடு என்கிற சிவப்பு அடிப்பூச்சு பூசியிருந்தது. மழை இறங்கி இரும்பு துருப்பிடித்துவிடக் கூடாதாம்! உடனே லங்காஸ்டருக்கு ஓடினேன். கடிகாரம் இருந்த இடத்திலும் பூச்சு. அங்கே சிவப்பு இல்லை, அலுமினியத்துக்கென்றே உள்ள மஞ்சள்பச்சை ப்ரைமர். கம்பி முனைகளுக்குத் துணி டேப் சுற்றி, அதன்மேல் நூலும் கட்டியிருந்தது.

எந்தத் திருடன் இரண்டு டப்பா ப்ரைமரோடு வருவான்?

இது எங்கள் ஆட்களில் ஒருவன் வேலை. பொருளை எடுத்துவிட்டு, அது இருந்த இடம் வலிக்குமே என்று மருந்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

அதன்பிறகு அன்று முழுவதும் நான் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தேன். எல்லார் நகத்திலும் பெயின்ட். நெவில் லங்காஸ்டரின் இரண்டாம் எஞ்சினுக்குக் கீழே படுத்திருந்தார், விரல் பூராவும் சிவப்பு. விமானச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்து எடுக்கிறவருக்குப் பச்சை. கிளைவ் மட்டும் கையுறை போட்டிருந்தார். அது குளிருக்காகவும் இருக்கலாம். சாவி நெவிலிடமும் இருக்கிறது. நெவிலிடமிருந்து இரவல் வாங்கியவர்கள் எத்தனை பேரோ.

மதியம் லங்காஸ்டர் உருண்டது. நான்கு எஞ்சின்களும் நெருப்புத் துப்பிக் கிளம்பின. கூட்டம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது. வழக்கமாக நான் மற்றதெல்லாம் மறந்து அதையே பார்க்கும் நேரம். அன்று பார்க்கவில்லை. இதில் யார், இதில் யார் என்றே மனம் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டம் முடிந்து, வளைந்த தகரக்கூரைக் குடிசையில் கமிட்டி கூடியது. மொரீன் தேநீரும் உலர்பழக் கேக்கும் வைத்தாள். கிளைவ் தொண்டையைச் செருமினார்.

"பொருள் வரல. லியான், மன்னிக்கணும்."

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

இந்த ஆட்களோடு இத்தனை நாள் குப்பை கொட்டியிருக்கிறேன். இவர்களைத் திருடன் என்றால் பொறுத்துக்கொள்வார்கள், பொய்யன் என்றாலும் பொறுத்துக்கொள்வார்கள். வேலை சுத்தமில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. ஒரு திருகு கோணல் என்று சொன்னதற்காக ஒருவரோடொருவர் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள் இதே மேசையில் இருக்கிறார்கள்.

"எடுத்தவன் துளையில எல்லாம் ப்ரைமர் அடிச்சிருக்கான். காலைல ஏறிப் பார்த்தேன்."

நெவிலின் கப் பாதிவழியில் நின்றது.

"ப்ரைமரா? ரெட் ஆக்சைடா?"

"ரெட் ஆக்சைடுதான். ஆனா நெவில், படு கேவலமான வேலை. கீழ துருவைச் சுரண்டவே இல்ல. அப்படியே மேல பூசியிருக்கான். அதுவும் ஒரே கோட்டு."

"ஒரே கோட்டா? திறந்தவெளியில நிக்கிற எஞ்சினுக்கா? அட முட்டாப்பயலே!"

"டேப்பும் சரியாச் சுத்தல. குழந்தைப் புள்ள சுத்துன மாதிரி இருக்கு. கொஞ்சம்கூட வேலை தெரியாதவன்."

"சுரண்டாம பூசுனா உள்ளுக்குள்ளயே தின்னுக்கிட்டுப் போகும்," என்று நெவில் தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குப் பூசாமலே விட்டிருக்கலாம்."

"சுரண்டிட்டுத்தான் பூசுனேன்," என்றார் கிளைவ். "உப்புத்தாள் போட்டு, துடைச்சு, காயவிட்டு, ரெண்டு கோட்டு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

நான் கத்தப்போகிறேன், மற்றவர்களும் கத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. நெவில் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். மொரீன் நெஞ்சில் கையை வைத்து, "அப்பாடா, உங்ககிட்டதானா!" என்றாள். யாரோ சிரிக்கக்கூடச் செய்தார்கள்.

"அந்த எஞ்சினை உடைக்கக் குடுக்கப்போறாங்க லியான்," என்றார் கிளைவ். முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் பழைய குரல். "எஞ்சினோட சொந்தக்காரக் கம்பெனி முடிவு பண்ணிட்டாங்க. பலகையை ஏலத்துல எவனோ வாங்கி பார் சுவத்துல மாட்டுவான். கடிகாரத்து மேல கூரைத் தண்ணி சொட்டுச்சு. நான் பத்திரப்படுத்தினேன். அவ்வளவுதான்."

"நீங்க எடுத்தா பத்திரம். என் தம்பி எடுத்தா திருட்டு."

"அது வேற, இது வேற கண்ணு," என்றாள் மொரீன்.

"என்ன வேற? சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

கிளைவ் கேக் தட்டைப் பார்த்தபடி, "இன்னொரு விஷயம். காலையிலயே நான் போலீசுக்குப் போன் பண்ணிட்டேன்," என்றார். "வேலிக்கு வெளிய நிக்கிறவங்க இணையத்துல எழுதி எழுதி... கேள்வி வந்துச்சு. ஒரு பேர் சொல்ல வேண்டியிருந்துச்சு."

பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே என் தம்பி பேரைச் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தின நாள், பொருள் திரும்பி வந்தால் யாரென்று கேட்கமாட்டேன் என்று என்னிடமே பெருந்தன்மை காட்டியிருக்கிறார்! அவர் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"கூப்பிடுங்க."

"கூப்பிடறேன். கிடைச்சிருச்சுன்னு சொல்லிடறேன்."

"எங்கேர்ந்து கிடைச்சுது? மரத்துல காய்ச்சுதா? கிடைச்சிருச்சுன்னா, பயந்து போட்டுட்டு ஓடிட்டான்னுதான் எழுதிக்குவாங்க. நான் எடுத்தேன்னு சொல்லணும்."

"லியான், என் பேர் கெட்டுப்போனா இந்த இடத்துக்கு யாரும் நன்கொடை தரமாட்டாங்க. லங்காஸ்டர் நின்னுபோகும். அது வேணுமா உனக்கு?"

"நிக்கட்டும்."

நெவில் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குடிசையில் அதைவிடப் பெரிய கெட்ட வார்த்தையை யாரும் சொன்னதில்லை.

"ஒலிபெருக்கியில போடுங்க," என்றேன்.

கிளைவ் கூப்பிட்டார். புகார் எண்ணைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் குரல். அவர் சுற்றி வளைத்து, பராமரிப்பு, பாதுகாப்பு, தற்காலிகம் என்றெல்லாம் பேசினார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அதை எடுத்தது யாரு?" என்றாள்.

கிளைவ் என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"நான்தான்."

"யாரையும் கேக்காமலா?"

"கேக்காமத்தான்."

"அப்ப நீங்க சொன்ன அந்த ஆளுக்கும் இதுக்கும்?"

"சம்பந்தம் இல்ல. அது எனக்குத் தெரியும். சொல்றப்பவே தெரியும்."

பேச்சு முடிந்ததும் நெவில் எழுந்து வெளியே போனார். கார் டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. எண்ணெய்த் துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து மேசையில் வைத்தார். "இது நாலாவது ரயில் எஞ்சினோட பிரேக் கைப்பிடி. ஈரத்துல கெட்டுடுமேன்னு..." என்று இழுத்தார். மேசைக் கோடியில் இன்னொருவர் தன் கார் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். மொரீன் கப்புகளை அள்ளிக்கொண்டு கழுவப் போனாள். என் கப்பை மட்டும் எடுக்கவில்லை.

வெளியே வந்து டீனைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். பின்னால் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"உன் வேலை?" என்றான் கடைசியில்.

"தெரியல. நாளைக்குத் தெரியும்."

"ம்."

"பாதித் தகடு இன்னும் இங்கதான் கிடக்கு. உன்னுதுதானே. நாளைக்கு வந்து எடுத்துக்கிறியா? நான் கூட நிக்கிறேன்."

"நீ எதுக்குக் கூட நிக்கணும்?" என்றான். "வேணாம் லியான். அந்தக் கேட்டுக்குள்ள நான் வரமாட்டேன். அவங்களே வெச்சுக்கட்டும்."

"டீன்..."

"பாப்பாவுக்குச் சோறு ஊட்டணும். வைக்கிறேன்."