பெட்டிக்குள் போன சாவிகள்

கிராமத்துத் தபால் செலவைக் குறைக்க வந்த அதிகாரி காரைவிட்டு இறங்குவாரா? கண்ணாடியை மட்டும் இறக்கினார்.

"இனிமே வீடு வீடா அலையாதே. தபால், பார்சல் எல்லாத்தையும் ரோட்டு முனையில வைக்கிற பூட்டுப்பெட்டியில போடு. அவங்கவங்க வந்து எடுத்துக்கட்டும்."

"கடைசி வீட்டுப் பெரியவருக்கு ஊசிமருந்து வருது சார். அவரால நடக்க முடியாது," என்றாள் தபால்காரம்மா.

"பக்கத்து வீட்டுல எடுத்துக் கொடுக்கட்டும்."

"பக்கத்து வீடே மூணு மைல் சார்."

"சொன்னதைச் செய்!"

வீட்டுக்கு ஒன்றாக, தபால் போட மேலே திறப்பு வைத்து, பூட்டிய பெட்டிகள் வந்தன. சாவிகளை அந்த மகாமேதை அவரவர் முகவரிக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். உத்தரவுப்படி, ஒவ்வொரு சாவியையும் அதனதன் பெட்டிக்குள்ளேயே போட்டாள் தபால்காரம்மா.

"மூளை இருக்கா உனக்கு?" போனில் கத்தினார் அதிகாரி.

"உத்தரவு உங்களுது சார். பூட்டை உடைக்க ஆள் அனுப்புங்க. அதுவரைக்கும் வீடு வீடாத்தான் போவேன்," என்றபடி மருந்துப் பொட்டலத்தைச் சைக்கிளில் கட்டினாள்.